துரையை உள்ளே கூப்பிட்டது யார்?

ரொறன்ரோ
4 பெப்ரவரி 1996

அன்புத் தங்கச்சி பாமாவுக்கு,

குளிரைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அப்பாவின் முழங்கால் எப்படி? நான் அனுப்பிய தைலத்தைப் பூசுகிறாரா, அல்லது அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாரா? உண்மையை எழுது.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். இங்கே வந்த புதிதில் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதினேனே, நினைவிருக்கிறதா? நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'கதவைத் திறக்கிறேன்' என்று நீ சொன்னால், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் சொல்வார். வாள் வெட்டியதா, தவறியதா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். இத்தனை வருடமாக என் சனிக்கிழமைகள் எல்லாம் இதில்தான் போகின்றன. எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று அப்பா கேட்டால் இதை மட்டும் சொல்லிவிடாதே.

ஒரு சிறிய பதிப்பகம் இப்போது என்னிடம் ஒரு வேலையைத் தந்திருக்கிறது. இந்த விளையாட்டுக்கென்று எழுதப்பட்ட பழைய பேய்க்கதை ஒன்றைப் புதுப்பிக்க வேண்டும். மலை உச்சியில் கோட்டை, அதற்குள் இரத்தம் குடிக்கும் பிரபு, கீழே மூடுபனிக்குள் ஒரு கிராமம். இங்கே எல்லோருக்கும் அது மனப்பாடம். பிரபு கதவைத் தட்டினாலே சிரிக்கிறார்கள். அந்தக் கதை தெரியாத ஆட்கள் ஆடிப் பார்த்து, எது செல்லும், எது செல்லாது என்று சொல்ல வேண்டும். கதையின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், தாயக்கட்டைகளையும் இந்தத் தபாலோடு வைத்திருக்கிறேன். இருபது முகம் உள்ளதைப் பார்த்துப் பயப்படாதே.

ஒரு விதியை மட்டும் மறக்காதே. வீட்டில் இருப்பவர் யாராவது 'உள்ளே வா' என்று கூப்பிடாமல் பிரபுவால் எந்த வீட்டுக்குள்ளும் கால் வைக்க முடியாது. கதை முழுக்க இதில்தான் நிற்கிறது.

உன் பதிலுக்காகத் தபால்பெட்டியைப் பார்த்தபடி,
அண்ணன் விவேகானந்தன்


கட்டுக்கலை, கண்டி
10 மார்ச் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். தைலம் அலுமாரிக்குள்தான். விருந்தாளிகள் வந்தால் எடுத்துக் காட்டுகிறார்.

உங்கள் கதை முதல் ஞாயிற்றுக்கிழமையே செத்துப்போய்விட்டது. எப்படி என்று சொல்கிறேன். இரண்டு பேரைப் பிடித்தேன். ஒருவர் அஸீம் நானா. கெலிஓயாவில் வாளி, கயிறு, ஆணி விற்கிற கடை வைத்திருக்கிறார், எங்கள் கூரையைச் செய்தபோது அப்பாவுக்குப் பழக்கமானவர். மற்றவர் இராமகிருஷ்ணன். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து அங்கேயே தோட்டப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறார். ஆசிரியர் பயிற்சியில் என்னோடு இருந்தவர்.

விதிகளைச் சொன்னேன். கிராமத்து வீடொன்றில் இருவரும் ஒளிந்திருக்கிறார்கள், வெளியே அடைமழை. நான் மேசையைத் தட்டி, குரலைத் தடிப்பாக்கி, "உயரமான ஒருவர் நனைந்தபடி நிற்கிறார். உள்ளே வரலாமா என்று கேட்கிறார்" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, "ஆர் பிள்ளை அது? மழையுக்கை நிக்க விடாத, உள்ளுக்கு வரச்சொல்லு!" என்று கத்தினார்.

அப்பாவைக் கணக்கில் எடுக்காமல் இரண்டாம் தரம் தொடங்கினேன். இந்தமுறை அஸீம் நானா, "வாங்க, வாங்க, இரிங்க" என்றார். "நானா, அவன்தான் இரத்தம் குடிக்கிறவன்" என்றேன். "தெரியும் மகள். ஆனா வாசலுக்கு வந்தவர வராதேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். மூன்றாம் தரம் இராமகிருஷ்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல்தான் இருந்தார். பிரபு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணீராவது கிடைக்குமா?" என்றதும், "அடடா, உள்ள வந்து குடிங்க" என்று எழும்பிவிட்டார்.

மற்றக் குறைகளையும் கேளுங்கள். உள்ளிப்பூண்டைக் கண்டால் ஓடுகிறவன் இந்த நாட்டில் எதைத் தின்று இத்தனை காலம் இருந்தான் என்று நானாவுக்கு விளங்கவில்லை. இராமகிருஷ்ணன் இரத்தம் குடிப்பதைக் கேட்டுக் கொஞ்சமும் பயப்படவில்லை. "கொழுந்து மலையில தெனம் அட்டை கடிக்குது. உப்புப் போட்டா விழுந்துரும். இவருக்கும் போட்டுப் பார்ப்போமே?" என்றார். உப்புக்குத் தாயக்கட்டையில் எத்தனை விழ வேண்டும் என்று விதியில் இல்லை.

பிரபுவை இப்போது எல்லோரும் துரை என்றே சொல்கிறோம். மலையுச்சியில் பெரிய வீடு வைத்துக்கொண்டு கீழே இருக்கிறவர்களின் இரத்தத்தைக் குடிப்பவருக்கு வேறென்ன பெயர் என்று இராமகிருஷ்ணன் கேட்டார்.

அடுத்த ஞாயிறும் வருவார்கள்.

உங்கள் உடம்பையும் கொஞ்சம் கவனிக்கச் சொல்லும்,
பாமா


ரொறன்ரோ
2 ஏப்ரல் 1996

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பேருந்தில் வாசித்துச் சிரித்ததில் பக்கத்திலிருந்தவர் எழும்பிப் போய்விட்டார். நான் நல்ல சுகம். அப்பாவுக்கு இப்போது இரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுதவில்லையே?

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு இரண்டு நாள் வேறெதையும் யோசிக்க முடியவில்லை. பழைய கதை முழுக்க, அவனை உள்ளே விடாமல் இருப்பது எப்படி என்பதுதான். நம்மவர்கள் அவனை முதல் நிமிடத்திலேயே கூப்பிட்டுக் கதிரையும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் வேறொரு கதை இருக்கிறது, பாமா! வந்து இருந்துவிட்ட விருந்தாளியை எழுப்பி அனுப்புவது எப்படி? அவன் போகவும் மாட்டான், நீ போ என்று சொல்லவும் மாட்டாய். இதைப் பதிப்பகத்தாரிடம் சொன்னேன். துள்ளிக் குதிக்கிறார்கள். முழுக் கதையையும் கண்டிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள்.

கோட்டைக்கு இடம் பிடித்துவிட்டேன். விக்டோரியா அணையைக் கட்டியபோது பழைய தெல்தெனிய ஊரே தண்ணீருக்குள் போனதல்லவா? துரையின் பங்களா அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கட்டும். மழை பொய்த்து நீர் இறங்குகிற வருடத்தில் கூரை வெளியே தெரியும், துரை விழித்துக்கொள்வார்.

எனக்கு நல்ல வரைபடம் ஒன்று வேண்டும். அந்தச் சித்திர மாஸ்டரைக் கேள். அணை எங்கே, பாதை எந்த வளைவில் இறங்குகிறது, காவலாளிகள் எங்கே நிற்பார்கள், எத்தனை பேர், எப்போது மாறுவார்கள், யாருக்கும் தெரியாமல் உள்ளே போக ஒரு சுரங்கவழி, எல்லாம் வேண்டும். உண்மையான இடம் போல இருக்க வேண்டும்.

இன்னொன்று. பழைய கதையில் வண்டிகளில் அலைகிற ஒரு கூட்டம் வருகிறது. வேற்றூர்க்காரர், நிலம் கிடையாது, பிரபுவுக்கு உளவு சொல்பவர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்யலாம் என்று உன் கூட்டத்தைக் கேட்டுச் சொல்.

அவசரக்காரன்,
அண்ணன்


கட்டுக்கலை, கண்டி
5 மே 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவுக்கு அழுத்தம் கொஞ்சம் கூடத்தான். கரண்ட் வெட்டைத் திட்டித் திட்டிக் கூடுகிறது. மழையில்லை, அணைகளில் தண்ணீரில்லை, மின்சாரம் ஒரு நாளில் பாதி நேரம் இல்லை. உங்கள் துரைக்கு நல்ல காலம்.

உண்மையாகவே தெல்தெனிய போனோம், அண்ணா! மூன்று பேரும் பஸ்ஸில். நானாவின் மனைவி உம்மு குல்சும் பார்சல் கட்டித் தந்தா. தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. சேற்றுக்குள் சுவர்கள் தெரிகின்றன, படிக்கட்டு ஒன்று மேலே ஏறி ஒன்றுமில்லாத இடத்தில் நிற்கிறது. ஒரு பாதையில்கூட நடந்தோம். சிங்களக் கிழவர் ஒருவர் எங்களுக்கு முன்னால் போய், "இதுதான் என் கடை" என்று ஒரு அத்திவாரத்தைக் காட்டினார். இராமகிருஷ்ணன் ஒரு கல்லில் இருந்து வரையத் தொடங்கியவர், வெயிலையும் சாப்பாட்டையும் மறந்துபோனார். நான் குடையோடு பக்கத்தில் நின்றேன்.

அணைப் பக்கம் யாரும் போக முடியாது. ஆகையால் அந்தப் பகுதியை முழுக்க மனத்தால்தான் வரைந்தார். இங்கே ஒரு காவலறை, அங்கே ஒன்று, இந்தப் பாறைக்குப் பின்னால் சுரங்கம் என்று மூன்று பேரும் சண்டை பிடித்துச் சண்டை பிடித்து முடிவு செய்தோம். காவலாளிகள் எப்போது மாறுவது என்பதற்குத் தாயக்கட்டை போட்டோம்.

வண்டிக்காரர் விஷயத்தைச் சொன்னதும் இராமகிருஷ்ணன் சிரித்தார். "வேற ஊர்லயிருந்து வந்தவங்க, நெலம் இல்ல, துரையோட மலையில வேல. ஊர்க்காரங்க இவங்கள நம்ப மாட்டாங்க, துரையும் நம்ப மாட்டாரு. இதுல உளவு வேற சொல்லணுமா?" என்றார். பிறகு தான் அந்தக் கூட்டத்து ஆளாகத்தான் ஆடப்போவதாகச் சொல்லிவிட்டார். அவருடைய பாத்திரத்துக்கு வாள் கிடையாது, உப்புப் பை மட்டும். துரை எந்தெந்த வீட்டில் இருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரிகிறது, ஏனென்றால் எல்லா வீட்டுக்கும் சாமான் சுமந்து போகிறவர் அவர். ஆனால் யாரும் அவரிடம் கேட்பதில்லை. இதை அப்படியே எழுதுங்கள்.

படத்தை வீட்டில் வைத்து மையில் வரைந்து, அவரே உங்களுக்குத் தபாலில் அனுப்புவார். நீங்கள் கேட்டது ஒன்றும் விடுபடக்கூடாது என்று உங்கள் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன்.

தெல்தெனிய வெயிலில் கறுத்துப்போன,
பாமா


ரொறன்ரோ
1 ஜூன் 1996

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம், சுகம். படம் எங்கே? தபாற்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். மாஸ்டரைக் கொஞ்சம் அவசரப்படுத்து. உப்புப் பைக்காரன்தான் இப்போது என் கதையின் நடுநாயகம். அவன் துரையைச் சந்திக்கும் காட்சியை எழுதி வைத்திருக்கிறேன், உன் கூட்டம் ஆடிப் பார்க்க வேண்டும். போன ஞாயிறுகளில் என்ன நடந்தது என்று ஒரு வரியும் இல்லையே. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

காத்திருக்கும்,
அண்ணன்


கட்டுக்கலை, கண்டி
20 ஜூன் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா சுகம். நானும் சுகம்.

அச்சில் வந்த அந்தப் பழைய கதைப் புத்தகம் எனக்கு வேண்டும். போட்டோப் பிரதி வேண்டாம், புத்தகமே வேண்டும். உள்ளே கோட்டைப் படம் இருக்க வேண்டும். அதோடு, இது ஒரு விளையாட்டு என்றும், இந்த வேலையை உங்களுக்குத் தந்திருக்கிறோம் என்றும் பதிப்பகத்தார் தங்கள் பெயர், விலாசம், முத்திரையோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தர வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நாங்கள் விளையாடுவதில்லை. இராமகிருஷ்ணனுக்கு வர வசதியில்லை. படத்தைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

அன்புடன்,
பாமா


ரொறன்ரோ
6 ஜூலை 1996

அன்புத் தங்கச்சிக்கு,

என்ன இது, அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த கடிதம் மாதிரி? மாஸ்டரோடு கோபமா? அந்தப் புத்தகம் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை, என்னிடம் உள்ளது ஒரே பிரதி. தபாலில் போட மனம் வரவில்லை. எதற்கு என்று சொன்னால் யோசிக்கலாம். வேலையை முடிக்கச் சொல்லி நெருக்குகிறார்கள், படத்துக்காகக் காத்திருக்கிறேன்.

குழம்பிப்போன,
அண்ணன்


14 ஜூலை 1996

அண்ணாவுக்கு,

இதை அஸீம் நானாவின் மச்சான் முனாப் கட்டாருக்குக் கொண்டுபோய் அங்கிருந்து தபாலில் போடுவார். இங்கிருந்து எழுதினால் யார் யார் வாசிப்பார்களோ தெரியாது. முன்பே எனக்கு இந்தப் புத்தி இருந்திருக்க வேண்டும்.

இராமகிருஷ்ணனைப் பிடித்துவிட்டார்கள். மே மாதக் கடைசியில், பன்விலவிலிருந்து படத்தைத் தபாலில் போடக் கண்டிக்கு வந்துகொண்டிருந்தபோது பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்திருக்கிறார்கள். பையில் விக்டோரியா அணையின் படம். காவலறைகள், சுரங்கம், ஆள் மாறும் நேரம் எல்லாம் அழகான கையெழுத்தில். அதோடு, காவலாளிகள் எத்தனை பேர், எப்போது மாறுவார்கள், யாருக்கும் தெரியாமல் எப்படி உள்ளே போகலாம் என்று கனடாவிலிருந்து ஒருவர் விசாரித்து எழுதிய கடிதம். அந்தக் கடிதத்தை இன்னொரு தரம் மனதுக்குள் வாசித்துப் பாருங்கள், அண்ணா. கொழும்பில் குண்டு வெடித்து ஆறு மாதம் ஆகவில்லை.

"இது விளையாட்டு சார்" என்று சொன்னாராம். மூன்று வளர்ந்த மனிதர்கள் இரத்தக்காட்டேரியோடு விளையாடுகிறார்கள் என்று யார் நம்புவார்கள்? என்னையும் நானாவையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்னை ஒரு நாள், நானாவை இரண்டு நாள். நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். இராமகிருஷ்ணனை விடவில்லை. தோட்டத்து ஆள், கேட்க யாரும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள். அவருடைய அம்மா நல்லம்மா மலையில் வேலையை விட்டுவிட்டு வந்து காவல் நிலைய வாசலில் இருந்தா. போன கிழமை அவரைச் சிறைக்கு மாற்றிவிட்டார்கள்.

இது விளையாட்டு என்று காட்ட அந்தப் புத்தகத்தைத் தவிர எங்களிடம் வேறொன்றும் இல்லை. அனுப்புங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் எனக்கு வெறும் சிநேகிதர் இல்லை. பயிற்சிக் காலத்திலிருந்தே அப்படி இல்லை. அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, தோட்டத்து ஆள் என்றால் அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வர ஒரு சாட்டு வேண்டியிருந்தது. உங்கள் கதை அந்தச் சாட்டாக வந்தது.

பாமா


ரொறன்ரோ
28 ஜூலை 1996

பாமா,

புத்தகம் இன்றே புறப்பட்டது. பதிப்பகக் கடிதம் இரண்டு பிரதி, ஒன்று உனக்கு, ஒன்று நேரே அந்தக் காவல் நிலையத்துக்கு. என் ஆறாம் திகதிக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

மாஸ்டர் உள்ளே இருக்க, படம் எங்கே, படம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நான் வந்து, அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான் என்று சொல்லட்டுமா? பயணச்சீட்டு விசாரித்துவிட்டேன். சொல், வருகிறேன்.

நல்லம்மா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அண்ணன்


கட்டுக்கலை, கண்டி
8 செப்டம்பர் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் வர வேண்டாம். வந்தால் சிறையில் இரண்டு பேருக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டிவரும். அப்பாவுக்கு அழுத்தம் இறங்கியிருக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது.

புத்தகம் பழுதில்லாமல் வந்தது. அஸீம் நானாவும் நானும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் கொஞ்சம் வரும், வராத இடத்தில் நானாவின் சிங்களம். அவர் உங்கள் கோட்டைப் படத்தையும் இராமகிருஷ்ணனின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மிஸ், புத்தகத்தில கோட்டை. உங்க படத்தில அணை. ஏன்?"

"கதையை இந்த ஊருக்கு மாத்தி எழுதுறம் சேர்."

"இங்க ரெண்டு காவலறை போட்டிருக்கு. அந்த எடத்தில காவலறையே இல்ல."

"இல்லைத்தான். கதைக்காகப் போட்டது."

"இல்லாததை எதுக்குப் போடணும்?"

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு உறையைக் கொட்டினார், விசாரணையின்போது எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போன உங்கள் தாயக்கட்டைகள். இருபது முகக் கட்டையை விரலால் உருட்டிப் பார்த்தார். இரகசியச் செய்தி அனுப்பும் ஏதோ சாமான் என்று நினைத்தார்களாம். "சரி, வெளையாடிக் காட்டுங்க" என்றார்.

அண்ணா, அந்த மேசையில் இருந்து கதை நடத்தினேன். விதியை இரண்டு தரம் சொன்னேன், அவனை உள்ளே கூப்பிட்டால் எல்லாம் முடிந்தது என்று. நானா ஒரு ஆள், இன்ஸ்பெக்டர் ஒரு ஆள், வாசலில் நின்ற கான்ஸ்டபிளையும் கூப்பிட்டு இருத்தினார். மழை என்றேன். மேசையைத் தட்டினேன். உயரமான ஒருவர் நனைந்தபடி நிற்கிறார் என்றேன். வாய் மூடவில்லை, கான்ஸ்டபிள் சிங்களத்தில், "வாங்க ஐயா, உள்ளே வாங்க" என்றுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மிஸ் இப்பத்தானே சொன்னாங்க!"

"ஐயோ சேர், பாவம், நனையுறார்னு சொன்னாங்களே" என்றார் கான்ஸ்டபிள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். இராமகிருஷ்ணன் சிறையில் கிடக்க எனக்கு எப்படிச் சிரிப்பு வந்தது என்று வீட்டுக்கு வந்து அழுதேன். தேத்தண்ணி வந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆடினோம். இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர், துரைக்குக் கண்ணாடியில் உருவம் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். "இப்ப இவரை எப்படி வெளிய அனுப்புறது?" என்று கேட்டார். அதைத்தான் அண்ணா எழுதுகிறார் என்றேன்.

பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டார். "நான் நம்புறன் மிஸ். ஆனா ஃபைல் கொழும்புக்குப் போயிட்டுது. ஒருத்தரை உள்ள எடுக்க என்ட கையெழுத்துப் போதும். வெளிய விட அது போதாது. இது வெளையாட்டுன்னு எழுதி அனுப்புறன். எப்ப விடுவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய தேத்தண்ணியை மேசையில் ஊற்றியிருப்பேன். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுச் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி அவரே கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை சிறைக்குச் சாப்பாடு கொண்டு போறனி, உனக்கு ஆர் துணை?" நானா வருகிறார் என்றேன். "நானாவுக்குக் கடை இருக்கு. இனி நான் வாறன்" என்றார். இன்று முழங்கால் வலியோடு வந்தார். அவரை உள்ளே விடவில்லை, வெளியே நல்லம்மாவோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்தார்.

இன்னும் நம்பிக்கையோடு,
பாமா


ரொறன்ரோ
3 ஒக்டோபர் 1996

அன்புத் தங்கச்சிக்கு,

அப்பா வாங்கில் இருந்ததை நாலு தரம் வாசித்தேன். நம் அப்பாதானே?

உன் விஷயத்தில் நான் உன் பக்கம். இதைப் பதினைந்து பக்கத்தில் எழுதினாலும் இவ்வளவுதான்.

வேலையை முடித்துக் கொடுக்கும் நாள் வந்துவிட்டது. அணையையும் தெல்தெனியவையும் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். பெயரில்லாத ஒரு மலை, பெயரில்லாத ஒரு குளம். முடிவையும் எழுதிவிட்டேன். துரையைப் போகச் சொல்ல யாராலும் முடியவில்லை. ஆகையால் பங்களாவின் கதவுகளை வெளியே பூட்டிவிட்டு, குளத்து நீரைத் திறந்துவிடுகிறார்கள். உள்ளே அவனோடு சேர்ந்து வேலைக்காரர், சுமைகாரர் எல்லோரும் மூழ்கிப்போகிறார்கள். கிராமம் தப்பிவிடுகிறது. பதிப்பகத்தாருக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. டிசம்பரில் அச்சுக்குப் போகும்.

நாள் எண்ணிக்கொண்டிருக்கும்,
அண்ணன்


பன்வில
24 நவம்பர் 1996

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நாம் நேரில் பார்த்ததில்லை. இராமகிருஷ்ணன் எழுதுகிறேன். நான் சுகம். தாங்கள் சுகமாக இருக்கவும், அங்கே குளிர் தங்களைத் தொந்தரவு செய்யாமல் இருக்கவும் அம்மா சாமி கும்பிடுகிறார்.

செவ்வாய்க்கிழமை என்னை விட்டுவிட்டார்கள். கிழமைக்கு ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் திரும்ப எடுப்பார்களா என்று தெரியவில்லை. உடம்பில் சில இடம் இன்னும் வலிக்கிறது, அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. தங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. படத்தை ஆசையோடுதான் வரைந்தேன்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். சிறைக்குள் போன முதல் நாளே, "நீ எதுக்கு வந்த?" என்று எல்லோரும் கேட்டார்கள். சொல்லிப் பார்த்தேன், ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் ஆடியே காட்டினேன். சாப்பிடத் தரும் பாணைப் பிசைந்து காயவைத்துத் தாயக்கட்டை செய்தோம். மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த காளிமுத்து அண்ணன், வவுனியாப் பையன்கள், கொட்டாஞ்சேனையில் சிங்கப்பூர் மாதிரிச் சட்டை தைத்தேன் என்று தினமும் சொல்லும் ஒரு தையற்காரர் என்று எல்லோரும் ஆடினார்கள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஆட்டம். வீரனாக ஆட யாருக்கும் ஆசையில்லை. ஆளாளுக்கு உப்புப் பை கேட்டார்கள்.

துரை வந்து தட்டியபோது அங்கே மட்டும்தான், அண்ணன், யாரும் கூப்பிடவில்லை. மூச்சுக்கூட விடாமல் இருந்தார்கள். ஆள் பிடிக்க வந்து கதவைத் தட்டும் சத்தம் அவர்கள் எல்லோருக்கும் பழக்கம். அதனால் துரை வெளியிலேயே இருக்க, இவர்கள் உள்ளேயே இருக்க, கதை நகரவில்லை. அவர் போனால்தான் வெளியே வரலாம். எப்படி அனுப்புவது என்று நாள்கணக்காகச் சண்டை. வெளியே போய் அவரோடு பேசிப் பார்ப்போம் என்றார் தையற்காரர். வீட்டை அவருக்கே விட்டுவிட்டுப் பின்கதவால் வேற தேசம் போயிருவோம் என்றான் ஒரு பையன். "போனா அம்மாவ யார் பாக்குறது?" என்றார் காளிமுத்து அண்ணன். அந்த நேரம்தான் காவலாளி வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழும்பினேன். சந்தோஷமாக இருந்தது, மறைக்க முடியவில்லை. காளிமுத்து அண்ணன் என் கையைப் பிடித்து, "தம்பி, கதைய முடிக்காமப் போறியே" என்றார்.

அவர் பிடிபட்டு மூன்று வருடமாகிறது. பார்க்க யாரும் வருவதில்லை.

தாங்கள் எழுதிய முடிவைப் பாமா சொன்னாள். கதவைப் பூட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவது. புத்தகத்துக்கு அது நன்றாக இருக்கலாம், எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சிறையில் இருப்பவர்களைப் பார்க்க விடும் நாள். பாமாவும் நானும் போகிறோம், அவளுடைய அப்பாவும் வருகிறாராம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று முடிவு என்னவென்று அவர்கள் கேட்பார்கள். அந்த முடிவை என்னால் சொல்ல முடியாது, அண்ணன்.

அச்சுக்குப் போகுமுன் வேறொன்று எழுதித் தாருங்கள். துரை சாகாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே இருப்பவர்கள் வெளியே வர வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ப. இராமகிருஷ்ணன்